பிளக்குக்காரம்மா

அந்த அம்மாவின் பெயர் எனக்குத் தெரியாது. ஒரு வருஷத்துக்கு மேல் அவர்கள் கூடவே ஊர் ஊராகப் போயிருக்கிறேன். ஒரே அடுப்பில் பொங்கிய சோற்றைத் தின்றிருக்கிறேன். ஆனாலும் ஒரு பெண்பிள்ளையிடம் போய்ப் பெயர் கேட்கிற தைரியம் எனக்கு அன்றும் கிடையாது, இன்றும் கிடையாது. கம்பெனியில் எல்லோரும் பிளக்குக்காரம்மா என்றார்கள். நான் அக்கா என்பேன். அதுவும் பாதி வாய்க்குள்ளேயே போய்விடும்.

அது மரணக் கிணறு கம்பெனி. நான் அதில் ஆசாரி. மரணக் கிணறு என்றால் தண்ணீர்க் கிணறு இல்லை. பலகைகளை வட்டமாக நிறுத்திச் செய்த பெரிய பீப்பாய் என்று வைத்துக்கொள்ளலாம். மூன்று ஆள் உயரம் இருக்கும். சனங்கள் வெளிப்பக்கப் படியில் ஏறி, விளிம்பைச் சுற்றிப் போட்ட தட்டில் நின்று உள்ளே எட்டிப் பார்ப்பார்கள். கீழே ஒரு மோட்டார் சைக்கிள் புறப்படும். சுற்றிச் சுற்றி வேகம் பிடித்து, சரிவுப் பலகையில் ஏறி, பிறகு செங்குத்தான சுவரிலேயே பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு ஓடும். ஓட்டுகிறவர் படுத்த வாக்கில் சுற்றுவார். வேகம் இருக்கிற மட்டும் சுவர் அவரைப் பிடித்துக்கொள்ளும். வேகம் போனால் விட்டுவிடும். ரகசியம் அவ்வளவுதான்.

ஓட்டியவர் அக்காவின் வீட்டுக்காரர். அவரை நான் அண்ணன் என்பேன். வண்டிக்குப் பிளக்கு மாட்டியது அக்கா.

வண்டி பழைய சீமை வண்டி. எஞ்சினில் இரண்டு சிலிண்டர். முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாகக் கவட்டைக் கம்பு போல விரிந்து நிற்கும். ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு பிளக்கு. பெட்ரோலைப் பற்ற வைக்கிற பொறி அதன் நுனியில்தான் விழும். ஒயர் வந்து பிளக்கில் சேருகிற இடத்தை மூடிக்கொண்டு ஒரு தொப்பி இருக்கும். பிளக்கு கரி பிடித்தாலும் பொறி வராது, தொப்பியில் ஈரம் இறங்கினாலும் வராது. ஒன்று போனால் வண்டி நொண்டும். இரண்டும் போனால் நின்றுவிடும்.

ஆட்டம் முடிந்து வண்டி வெளியே வந்ததும் அக்கா வளையல்களை முழங்கை வரைக்கும் ஏற்றிவிட்டுக்கொள்வார். எஞ்சின் அடுப்பாகக் கொதிக்கும். அந்தச் சூட்டிலேயே தொப்பியை இழுத்து, குழல்சாவி போட்டு ஒரு திருகு திருகி, மீதியைச் சாக்குத்துணி சுற்றிய விரலாலேயே கழற்றுவார். அவர் விரல் நுனிகளில் ரேகை கிடையாது. வழவழவென்று கொட்டைப்பாக்கு மாதிரி இருக்கும். யாரிடம் இந்த வேலையைக் கற்றீர்கள் என்று ஒரு ஊரில் ஒரு கிழவி கேட்டதற்கு, "சூடுதான் ஆத்தா வாத்தியாரு" என்றார்.

கழற்றிய பிளக்கை வெயிலில் திருப்பிப் பார்ப்பார். நுனி காய்ந்த புகையிலை நிறத்தில் இருந்தால் ஒன்றும் சொல்ல மாட்டார். கறுத்திருந்தால், "நேத்து ஊத்துன பெட்ரோலு சரியில்ல" என்பார். அளவு மீறின சூட்டில் வெளுத்திருந்தால் அண்ணனைப் பார்ப்பார். "என்னத்துக்கு இந்த முறுக்கு முறுக்குனீக? யாரு நின்னா மேல?" என்று கேட்பார். அண்ணன் அசடு வழிவார். மேலே யாராவது நல்ல சேலை கட்டின பெண்கள் நின்றிருப்பார்கள். பிளக்கு அதையும் காட்டிக்கொடுத்துவிடும்.

பொறி தாண்டுகிற இடைவெளியைப் பார்க்க அவரிடம் ஒரு பனையோலைத் துண்டு இருந்தது. நன்றாகக் காய்ந்த ஓலை. அதை நுனிக்கு நடுவே விட்டு இழுப்பார். உரசியும் உரசாமலும் வர வேண்டும். வராவிட்டால் கம்பியைத் தட்டி வளைப்பார்.

"என் சாதகத்த அந்த ஓலையிலதான் பாக்குறா" என்பார் அண்ணன். "என்னடி சொல்லுது? ஆயுசு கெட்டியா?"

"அடுத்த ஆட்டம் வரைக்கும் கெட்டி" என்பார் அக்கா. "பெறகு வாங்க, பெறகு பாப்போம்."

பிளக்கைத் திரும்ப மாட்டும்போது முதலில் சாவி போட மாட்டார். விரலாலேயே கடைசி மரைச் சுற்று வரைக்கும் திருகி இறக்குவார். எங்காவது இடறினால் வெளியே எடுத்து மறுபடியும் முதலிலிருந்து தொடங்குவார். மேலே கூட்டம் சீட்டியடிக்கும், பலகையைத் தட்டும். அக்காவின் விரல் அதே போக்கில்தான் சுற்றும். கடைசியில் தொப்பி. மாட்டுவதற்கு முன்னால் அதன் வாயைத் தன் உதட்டில் வைத்துப் பார்ப்பார். ஈரம் விரலுக்குத் தெரியாதாம், உதட்டுக்குத் தெரியுமாம்.

இது வரைக்கும் சொன்னதை நல்ல வேலைக்காரர் யாரும் செய்யலாம். இதற்குப் பிறகு அவர் செய்ததுதான் வேறு யாரும் செய்யாதது.

பிளக்கு மாட்டி முடித்ததும் அக்காவும் வண்டியோடு கிணற்றுக்குள்ளே போவார். சுவரில் ஒரு கதவு உண்டு. அவர்கள் உள்ளே போனதும் நான் வெளியே தாழ்ப்பாள் போடுவேன். போட்ட பிறகு அந்தக் கதவும் சுவர்தான். வண்டி அதன் மேலேதான் ஓடும். உள்ளேயிருந்து யாரும் வெளியே வர முடியாது. அக்கா தரையின் நடுவில் போய், தலையைக் கொஞ்சம் சாய்த்து நிற்பார். ஆட்டம் முடிகிற வரைக்கும் நகர மாட்டார். அண்ணன் மேலேயிருந்து வந்தால் அவர் மேல்தான் வரவேண்டும். அப்படி ஓர் இடம்.

சனங்கள் அதை ஒரு வேடிக்கை என்று நினைத்தார்கள். சர்க்கஸில் பெண் நிற்பது மாதிரி என்று. அக்கா மேலே யாரையும் பார்க்க மாட்டார், சிரிக்க மாட்டார். வண்டியைக்கூடப் பார்க்க மாட்டார். தரையைப் பார்த்துக்கொண்டு காதைக் கொடுத்துக்கொண்டு நிற்பார்.

அண்ணனின் இடது கை முழங்கையில் வளைந்திருக்கும். அதைப் பற்றி அவரே ஒருநாள் சொன்னார். முன்னால் வேறொரு கம்பெனியில் இருந்தபோது பிளக்கு மாட்ட ஒரு ஆள் இருந்தானாம். மாட்டிவிட்டு டீ குடிக்கப் போவானாம். அவன் டீ குடித்துக்கொண்டிருந்தபோது பிளக்கு கழன்று இவர் விழுந்தாராம். "நான் விழுந்தது அவனுக்கு டம்ளரக் கழுவி வச்ச பெறகுதான் தெரியும்" என்று சிரித்தார் அண்ணன். பக்கத்தில் அரிசி களைந்துகொண்டிருந்த அக்கா சிரிக்கவில்லை. அண்ணன் கை கட்டோடு கிடந்த நாட்களில்தான் அக்கா குழல்சாவியைக் கையில் எடுத்தாராம்.

அக்கா கிணற்றுக்குள்ளே நிற்பது முதலாளிக்கு முதலில் பிடிக்கவில்லை. "நீ கீழ நின்னா அவன் ஒழுங்கா ஓட்டிருவானாம்மா?" என்று கேட்டார்.

"அவுக ஒழுங்காத்தான் ஓட்டுவாக" என்றார் அக்கா. "நான் ஒழுங்கா மாட்டணுமில்ல?"

அலங்காநல்லூரில் நடந்ததைச் சொன்னால் இது இன்னும் விளங்கும். தை மாதம். மாடு பிடிக்கிற சமயம். சுற்றுப்பட்டு ஊர் சனம் எல்லாம் அங்கேதான். கிணறு நிறைந்து வழிந்தது. அந்த வருஷம் பனி பொல்லாத பனி. வெயில் ஏறின பிறகும் பலகையெல்லாம் நனைந்திருந்தது. அக்கா தொப்பியை உதட்டில் வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார். பிறகு தொப்பி இரண்டையும் முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டு, "இப்ப ஆட்டம் இல்ல. வெயிலு நல்லாச் சுடட்டும்" என்றார்.

முதலாளி ஓடி வந்தார். "வெளயாடுறியாம்மா? அம்புட்டுச் சனமும் மாடு பாக்கப் போயிரும். எஞ்சின் ஸ்டார்ட் ஆகுதுல்ல, பெறகென்ன?"

"கீழ ஸ்டார்ட் ஆகும். மேல போயி நின்னுக்கிரும்."

"நிக்காது. நான் சொல்றேன்."

"சரிங்க மொதலாளி. தொப்பியத் தாரேன், நீங்களே மாட்டுங்க" என்று முடிச்சை அவிழ்த்தார் அக்கா. "மாட்டிட்டு இன்னைக்கி நீங்க வந்து கீழ நில்லுங்க. நான் மேல நின்னு பாக்குறேன்."

அவர் குரலில் கோபம் இல்லை. பந்தியில் இடம் விட்டுக்கொடுப்பது மாதிரி சொன்னார். முதலாளி கிணற்றின் கதவைப் பார்த்தார். உள்ளே வெறும் தரை தெரிந்தது. கொஞ்ச நேரம் மூக்கைத் தேய்த்துக்கொண்டு நின்றார். பிறகு கூட்டத்தைப் பார்த்து, "மாடு அவுத்து விட்டாச்சு, போயிப் பாத்துட்டு வாங்கப்பா, சாயங்காலம் ஆடுவோம்" என்று சத்தம் போட்டார்.

அன்று எனக்கும் ஒரு சூடு கிடைத்தது. சாயங்கால ஆட்டத்துக்கு முன்னால் அக்கா, சனங்கள் நிற்க நான் போட்ட தட்டுக்குக் கீழே வந்து அண்ணாந்து பார்த்தார். "தம்பி, இது எம்புட்டுப் பேரத் தாங்கும்?" என்றார். கிணறு நிறைய நின்றாலும் தாங்கும் என்றேன். "அப்ப அவுக நிக்கிறப்ப இதுக்கடியில படுத்து ஒறங்குவியா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போய்விட்டார். நான் போய்த் தட்டுக்கு அடியில் இன்னும் இரண்டு முட்டு கொடுத்தேன். அதன் பிறகுதான் எனக்கே நிம்மதியாக இருந்தது.

யுத்தம் தொடங்கியிருந்தது. சீமைச் சாமான்கள் வருவது குறைந்துபோயிற்று. புதுப் பிளக்கு கிடைப்பது குதிரைக் கொம்பு. பழையதைக் கரியடுப்பில் சுட்டு, கம்பிப் புருசு போட்டுத் தேய்த்து மாட்டிக்கொண்டிருந்தார் அக்கா. தொப்பியை அப்படிச் சுட முடியாது. அதனால் சித்திரைத் திருவிழாவுக்காக மதுரைக்கு வந்து இறங்கியதும், மேற்கே காளவாசல் பக்கம் ஒரு லாரி ஷெட்டில் தொப்பி கிடைக்கும் என்று கேள்விப்பட்டு, அக்கா என்னைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு நடந்தார்.

ஷெட்டுக்காரர் ஒரு தகர டப்பாவை முன்னால் தள்ளினார். அக்கா ஒவ்வொன்றாக எடுத்தார். வெயிலில் பார்த்தார். வாயை உதட்டில் வைத்தார். அங்கே வேலை பார்த்தவர்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டார்கள்.

"தொப்பிக்கு முத்தம் குடுக்குற பொம்பளைய இப்பத்தாண்டா மாப்ள பாக்குறேன்" என்றான் ஒருவன்.

எனக்குக் காது இரண்டும் சிவந்துவிட்டது. அக்கா அவன் பக்கம் திரும்பினார். "அண்ணே, ஒங்க லாரி நின்னா எங்க நிக்கும்?"

"ரோட்டுலதான் நிக்கும். வேற எங்க நிக்கும்?"

"எங்க வண்டி நின்னா எங்க நிக்கும்னு சொல்லுங்க பாப்போம்."

அவனுக்கு விளங்கவில்லை. நான்தான் மெதுவாக, மரணக் கிணற்று வண்டி என்றேன். ஷெட்டுக்காரர் உள்ளே போய், தான் தனியாக எடுத்து வைத்திருந்த இரண்டு தொப்பிகளைக் கொண்டு வந்து கொடுத்தார். அக்கா அதையும் உதட்டில் வைத்துப் பார்த்த பிறகுதான் வாங்கிக்கொண்டார்.

அழகர் ஆற்றில் இறங்கிய அன்று காலையிலிருந்தே தல்லாகுளம் பக்கத்துத் திடலில் எங்களுக்குக் கூட்டம். சாமியைப் பார்த்துவிட்டுக் கரையேறிய சனம் அப்படியே திருவிழாக் கடைகளுக்குள் நுழைந்து கிணற்றின் மேல் ஏறிக்கொண்டிருந்தது. கொட்டாம்பட்டிப் பக்கத்துச் சம்சாரிகள், மாட்டு வண்டி கட்டி வந்தவர்கள், மொட்டையடித்துச் சந்தனம் பூசியவர்கள். எல்லோருக்கும் நடுவே, தண்ணீர் பீச்ச நேர்ந்துகொண்டவர்களும் வந்தார்கள். மணி தைத்த சட்டை, தலையில் குஞ்சம் வைத்த குல்லாய், தோளில் ஆட்டுத்தோல் பை. பையின் மூலையில் ஒரு சிறு குழாய் இருக்கும். பையை அக்குளில் இடுக்கி அழுத்தினால் மஞ்சள் தண்ணீர் கயிறு போலப் பாயும். குதிரை மேல் வெயிலில் வருகிற அழகரைக் குளிர்விப்பது அவர்கள் வேண்டுதல்.

பகல் ஆட்டம் தொடங்கியது. அக்கா உள்ளே போனார். நான் தாழ்ப்பாள் போட்டுவிட்டு மேலே ஏறி, விளிம்பை ஒட்டி நின்றேன். அண்ணன் சரிவில் ஏறினார், சுவரில் ஏறினார். கிணறு முழுவதும் இடி மாதிரி அதிர்ந்தது. ஒவ்வொரு சுற்றிலும் இன்னும் கொஞ்சம் மேலே வந்தார். அவர் வளைந்த கையை விரித்து ஆட்டினார். சனம் "ஓ" என்று கத்தியது.

எனக்கு நேர் எதிரே ஒரு கிழவர், தோல் பையோடு நின்றார். அவர் முகம் எனக்கு நன்றாகத் தெரிந்தது. அவர் கத்தவில்லை. கண் கலங்கிப்போய்ப் பார்த்துக்கொண்டிருந்தார். நெருப்பும் புகையுமாக ஒரு மனிதன் குதிரை போன்ற ஒன்றின் மேல் ஏறிக்கொண்டு சுற்றிச் சுற்றி வருகிறான். காலையில் ஆற்றில் பார்த்ததுதான் அவர் கண்ணில் இன்னும் நின்றதோ என்னவோ. "கோவிந்தா!" என்று ஒரு சத்தம் கொடுத்தார். பையை இடுக்கினார். வண்டி அவருக்குக் கீழே வந்த சமயம் தண்ணீர் அதன் மேல் பாய்ந்தது.

இடிச் சத்தம் உடைந்தது.

வண்டி நொண்டுகிற சத்தத்தை நான் கீழே தரையில் கேட்டிருக்கிறேன். சுவரின் உச்சியில் கேட்டதில்லை. முன் சிலிண்டர் தண்ணீரைக் குடித்துவிட்டது. பின் சிலிண்டர் மட்டும் படபடவென்று அடித்துக்கொண்டது. அண்ணனின் கை உடனே கைப்பிடிக்கு வந்துவிட்டது. வண்டி விளிம்பிலிருந்து ஒரு முழம் கீழே வழுக்கியது. அந்த உயரத்தில் சட்டென்று கீழே திருப்பினால் சக்கரம் பிடி விட்டுவிடும். மிச்சமிருக்கிற ஒற்றைப் பிளக்கின் பலத்தில் சுற்றிச் சுற்றித்தான் இறங்க வேண்டும். அதற்கு நேரம் வேண்டும்.

நேரம் கிடைக்கிற மாதிரி இல்லை. கிழவர் பீச்சியதைப் பார்த்து மற்றவர்களுக்கும் அருள் பொங்கிவிட்டது. அந்த விளிம்பைச் சுற்றி எத்தனை தோல் பைகள் இருந்தனவோ அத்தனையும் தூக்கப்பட்டன. "கோவிந்தா, கோவிந்தா" என்று ஒரே முழக்கம். நான் "பீச்சாதீக, பீச்சாதீக" என்று கத்தினேன். எனக்கே என் சத்தம் கேட்கவில்லை. கூட்டத்துக்குள் முட்டினேன், ஒரு அடி நகர முடியவில்லை. அடுத்த சுற்று வந்தால் எல்லாத் தண்ணீரும் அந்த ஒற்றைப் பிளக்கின் மேல்.

கீழே அக்கா தலை நிமிர்ந்ததைப் பார்த்தேன். ஆட்டத்தின் நடுவில் அவர் தலை நிமிர்ந்து நான் பார்த்ததே அன்றுதான். முதலில் வண்டியைப் பார்த்தார். பிறகு விளிம்பைப் பார்த்தார். எல்லாக் குழாய்களையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

கொண்டையை அவிழ்த்துவிட்டார்.

முடி முழங்கால் வரைக்கும் விழுந்தது. இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினார். உடம்பு ஒரு குலுங்கு குலுங்கியது. பிறகு ஆடத் தொடங்கினார். நின்ற இடத்திலேயே, முடி பறக்க, சாமி வந்த பெண் எப்படி ஆடுவாளோ அப்படி. மாரில் அடித்துக்கொண்டார், மேலே கையை நீட்டி, கொண்டா கொண்டா என்று அழைத்தார். அவர் என்ன கத்தினார் என்பது யாருக்கும் கேட்டிருக்காது. கேட்க வேண்டியதும் இல்லை. தலைவிரித்து ஆடுகிற பெண்ணுக்கு என்ன செய்ய வேண்டும் என்று எங்கள் பக்கத்தில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். தண்ணீர் ஊற்ற வேண்டும்.

"ஆத்தாளுக்கு ஊத்துங்கப்பா! ஆத்தா எரியுதுங்கிறா!" என்று எனக்குப் பக்கத்தில் ஒருவர் அலறினார். தூக்கின பைகள் எல்லாம் நடுவுக்குத் திரும்பின. எல்லாப் பக்கத்திலிருந்தும் மஞ்சள் தண்ணீர் கயிறு கயிறாகக் கிளம்பி, அண்ணனைத் தாண்டி, நடுவில் நின்ற அந்த ஒருத்தியின் மேல் விழுந்தது. முகத்தில், கண்ணில், வாயில். அவர் இன்னும் இன்னும் என்று கேட்டார். பைகளை ஒட்டப் பிழிந்தார்கள்.

அந்தத் தண்ணீர்ப் பந்தலுக்கு அடியில், சுவரோடு சுவராக, அண்ணன் ஒற்றைச் சிலிண்டரில் இறங்கிக்கொண்டிருந்தார். ஒரு சுற்று, ஒரு சாண். இன்னொரு சுற்று, இன்னொரு சாண். நான் அக்காவின் காலைப் பார்த்தேன். அத்தனை ஆட்டத்திலும் அது நடு இடத்தை விட்டு விலகவில்லை. முடிக்குள் இருந்த தலை வண்டியின் சத்தம் போகிற பக்கமே சாய்ந்து சாய்ந்து திரும்பியது. வண்டி சரிவுப் பலகைக்கு வந்து, தரைக்கு வந்து, ஈர மண்ணில் கொஞ்சம் சறுக்கி நின்றது. எஞ்சின் அடங்கியதும் அக்காவின் கையும் அடங்கியது.

நான் ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். அண்ணன் முகம் வெளுத்திருந்தது. இறங்கினதும் அவருக்கு வாய் வந்துவிட்டது.

"அடியே, உனக்கு நேரங்காலம் கெடையாதா? மேல நான் எமனோட மல்லுக்கட்டிக்கிட்டு இருக்கேன். கீழ நீ சாமியாடிக்கிட்டு இருக்க! ஒருநாளும் வராத சாமி இன்னைக்கித்தான் வரணுமா?"

அக்கா முடியைச் சுருட்டி முடிந்துகொண்டு, வண்டிக்குப் பக்கத்தில் ஏற்கெனவே குந்திவிட்டார். முன் தொப்பியை இழுத்துக் கவிழ்த்தார். மஞ்சள் தண்ணீர் சொட்டியது. பிளக்கைக் கழற்றினார். அதன் வெள்ளைப் பீங்கானில் மயிரிழை போல ஒரு விரிசல் ஓடியிருந்தது. கொதிக்கிற பீங்கான், குளிர்ந்த தண்ணீர்.

அதற்குள் அந்தக் கிழவர் படியிறங்கி வந்துவிட்டார். பின்னாலேயே சில பெண்கள், அக்காவின் காலைத் தொட. கிழவரின் முகம் பூரித்துப்போயிருந்தது.

"குளுந்துச்சா தாயி?" என்று கேட்டார். "குதிரைக்கும் பீச்சினேன், உனக்கும் பீச்சினேன். இனி உன் வீட்டுக்காரருக்கு ஒரு குறையும் வராது."

நான் அக்காவைப் பார்த்தேன். விரிசல் விட்ட பிளக்கு அவர் உள்ளங்கையில் இருந்தது. அதை அப்படியே மூடிக்கொண்டார்.

"குளுந்துச்சுய்யா" என்றார். "எங்க எல்லாருக்கும் குளுந்துச்சு."

கிழவர் காலிப் பையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, திருப்தியாகப் போனார். காலைத் தொட வந்த பெண்களிடம் அக்கா, "கையெல்லாம் கரிம்மா, சேலையில ஒட்டும், பாத்து வாங்க" என்று சொல்லி ஒதுங்கிக்கொண்டார். பிறகு கூடாரத்துக்குள் போய் வேறு சேலை மாற்றிக்கொண்டு, நனைந்த சேலையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்தார்.

அண்ணன் வண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கோபம் இன்னும் இறங்கவில்லை. என்னிடம், "பாத்தியாப்பா ஆசாரி, எவன் வீட்டுலயும் இல்லாத சாமி என் வீட்டுல இருக்கு" என்றார். சொல்லிக்கொண்டே பின் சிலிண்டரின் தொப்பியைக் கழற்றினார். உள்ளே விரலை விட்டுப் பார்த்தார். விரலைப் பார்த்தார். தொப்பியை எடுத்து, அக்கா செய்வது மாதிரியே உதட்டில் வைத்துப் பார்த்தார்.

"இது சொட்டுக்கூட நனையலயே" என்றார்.

"நனையல" என்றார் அக்கா.

"அம்புட்டுப் பேரு பீச்சுனானுக. கோவிந்தா கோவிந்தான்னு எனக்கே கேட்டுச்சு. அந்தத் தண்ணி பூராம் எங்க போச்சு?"

அக்கா சுருட்டி வைத்திருந்த சேலையை உதறி, ஒரு முனையை இரண்டு கையாலும் பிடித்துப் பிழியத் தொடங்கினார். தண்ணீர் மஞ்சளாக மண்ணில் கொட்டியது. கொட்டிக்கொண்டே இருந்தது.

"இங்கதான் இருக்கு" என்றார்.

அண்ணன் அந்தத் தண்ணீரைப் பார்த்தார். தொப்பியைப் பார்த்தார். தொப்பியை என் கையில் கொடுத்துவிட்டு எழுந்தார். ஆட்கள் போய்க்கொண்டிருக்கிற திடல் அது. பெண்சாதி சேலையை ஆம்பிளை தொட்டுப் பிழிந்தால் ஊரே சிரிக்கும். சிலர் சிரிக்கவும் செய்தார்கள். அவர் மண்ணில் கிடந்த சேலையின் அடுத்த முனையை எடுத்தார். வளைந்த கையாலும் நல்ல கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டு அக்காவுக்கு எதிர்ப்பக்கமாக முறுக்கினார். சேலை நடுவில் கயிறாகத் திரண்டு நிற்க, கடைசிச் சொட்டு விழுகிற வரைக்கும் முறுக்கிக்கொண்டே இருந்தார்கள்.